வாய்விட்டுப் படித்தல்

போன வருஷம் எனக்கு அலுவலகத்தில் ஒரு மெமோ கொடுத்தார்கள். அரைப் பக்கம். அதில் ‘மனிதத் தவறு’ என்று இருந்தது. மெமோவின் மொழி ஆங்கிலம், தமிழ் என்னுடையது. எழுதியவருக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் விளக்கமாகப் பட்டிருக்க வேண்டும். எனக்கோ, விளக்கம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று பட்டது. ஆனால் மெமோவுக்கு எழுதும் பதிலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. வருந்துகிறேன், இனி கவனமாக இருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கப்போகிற நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது இதுதான். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர், வீட்டுமனை வாங்குவதற்காக நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயை வேறொரு வங்கியில் இருக்கும் கணக்குக்கு அனுப்பப் படிவம் எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து. கணக்கு எண்ணில் ஒரு ஏழு இருந்தது. மேல் கோடு சிறுத்த, அந்தக் காலத்து ஏழு. நான் அதை ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். கணினி எச்சரிக்கையானது, எண்ணை இரண்டு முறை அடிக்கச் சொல்லும், இரண்டும் ஒத்தால்தான் மேலே போகவிடும். முதல் முறை தாளைப் பார்த்து அடித்தேன். இரண்டாம் முறை தாளைப் பார்க்கவில்லை. எண் விரலிலேயே இருந்தது. இரண்டும் ஒத்தன. பிறகு அதிகாரி அனுமதிக்க வேண்டும். அவர் தொகையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், அனுமதித்தார். நான் பார்த்திருப்பேன் என்று அவர் நம்பினார். அவர் பார்ப்பார் என்று நான் நம்பினேன். பணம் எண்ணைப் பார்த்துப் போகிறது, பெயரைப் பார்த்துப் போவதில்லை. அந்த எண்ணிலும் யாரோ ஒருவருக்குக் கணக்கு இருந்தது.

பணத்தை மீட்க ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் மனை வேறு ஒருவருக்குக் கிரயமாகிவிட்டது. ஆசிரியர் சத்தம் போடவில்லை. கவுண்டருக்கு வெளியே நின்று, “நான் எழுதிக் கொடுத்ததை நீங்க படிச்சீங்களா, தம்பி?” என்று கேட்டார்.

“பாத்தேன் சார்” என்றேன்.

“பாத்தது சரி. படிச்சீங்களா?”

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன் நான். கவிதைகளைப் பற்றிப் பத்து வருஷமாக எழுதிவருகிறவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

*

மெமோ வந்த வாரத்தில் ஓர் அறிக்கையைப் படிக்க நேர்ந்தது. விமானங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாழ்க்கையில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். ‘மனிதத் தவறு’ என்பதைத் தேடிப் போனதில் விமான விபத்துகளில் போய் நின்றேன். அந்தச் சொற்சேர்க்கை அதிகம் புழங்குவது அங்கேதான் போலிருக்கிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை அது. அலங்காரமில்லாத உரைநடை. நல்ல சிறுகதைகள் சிலவற்றில் காணும் நிதானம் அதில் இருந்தது.

2014 மே 31, இரவு ஒன்பதே முக்கால் மணியை ஒட்டிய நேரம். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெட்ஃபோர்டில் ஹான்ஸ்கம் ஃபீல்ட் விமான நிலையம். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 என்ற தனியார் ஜெட், பெரும் பணக்காரர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளும் ரகம், ஓடுபாதையில் வேகமெடுத்து ஓடியது. எழும்பவில்லை. பாதை முடிந்த பிறகும் ஓடி, புல்தரையைக் கடந்து, விளக்குகளிலும் ஆன்டெனாவிலும் மோதி, ஒரு பள்ளத்தில் விழுந்து எரிந்தது. பிலடெல்ஃபியா இன்க்வயரர் நாளிதழின் இணை உரிமையாளர் லூயிஸ் காட்ஸ், அவருடன் வந்த மூவர், விமானிகள் இருவர், பணிப்பெண் ஒருவர். ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

என்ஜினில் பழுது இல்லை. வானிலை நன்றாக இருந்தது. பூட்டு ஒன்று திறக்கப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். விமானத்தின் வாலிலும் இறக்கைகளிலும் அசையும் பலகைகள் உண்டு. அவற்றை அசைத்துத்தான் மூக்கைத் தூக்குவதும் திருப்புவதும். விமானம் நிற்கும்போது காற்று அந்தப் பலகைகளை அடித்துச் சேதப்படுத்தாமலிருக்க அவற்றைப் பூட்டி வைப்பார்கள். பூட்டின் கைப்பிடி விமானிகள் இருவருக்கும் நடுவில், கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. என்ஜினைக் கிளப்புமுன் அதை விடுவிக்க வேண்டும் என்று செக்லிஸ்டில் எழுதியிருக்கிறது. ஒருவேளை மறந்தாலும், பாதையில் ஓடத் தொடங்குமுன் பலகைகளை முழு வீச்சுக்கும் அசைத்துச் சோதிக்க வேண்டும் என்று இன்னொரு வரி இருக்கிறது. பூட்டு இருந்தால் அசையாது, உடனே தெரிந்துவிடும். பத்து விநாடி வேலை. அது நடக்கவில்லை.

விமானிகள் புதியவர்கள் அல்ல. இருவருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம். பல வருஷங்களாகச் சேர்ந்தே ஓட்டியவர்கள். அவர்களுடைய பேச்சைப் பதிந்த கருவியில், புறப்படுமுன் செக்லிஸ்டை யாரும் வாய்விட்டுப் படித்த ஒலி இல்லை. விமானத்தின் பதிவுக் கருவியை வைத்துப் பழைய பயணங்களையும் வாரியம் பார்த்திருக்கிறது. அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அவர்கள் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்யவில்லை.

இந்த இடத்தில் அறிக்கையை மூடிவைத்துவிட்டேன். அன்றைக்கு மறந்துவிட்டார்கள் என்றால் அது மறதி. 175 தடவையில் இரண்டு மூன்று தடவை தவிர மற்ற எல்லாத் தடவையும் செய்யவில்லை என்றால், அதற்கு மறதி என்று பெயர் சொல்ல முடியாது. அதுதான் அவர்களுடைய வழக்கம். ஒவ்வொரு தடவையும் விமானம் எழும்பியிருக்கிறது. எழும்பிய ஒவ்வொரு தடவையும், படிக்காமலிருப்பது சரிதான் என்று விமானம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நானும் எத்தனை ஆயிரம் எண்களை விரலிலிருந்தே இரண்டாம் முறை அடித்திருப்பேன்! எல்லாம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தன.

சில நாள் கழித்து மீண்டும் எடுத்துப் படித்தேன். ஓடுபாதைக்குப் போகும் நேரத்தில் சுக்கான் சம்பந்தமான ஒரு விளக்கு எரிவதை ஒரு விமானி சொல்கிறார். பேச்சு அதற்கு மேல் வளரவில்லை. பிறகு விசைநெம்பைத் தள்ளுகிறார்கள். அது போக வேண்டிய தூரம் போகவில்லை. அதுவும் உறுத்தியிருக்கிறது. ஆட்டோத்ராட்டிலைப் போடுகிறார்கள், அது கொஞ்சம் தள்ளித் தருகிறது, அதுவும் போதவில்லை. நான் கவனித்தது இதை: கையில் தட்டுப்பட்ட எதிர்ப்பை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். பூட்டு இருக்கிறது என்று அந்த எதிர்ப்புதான் சொல்லிக்கொண்டிருந்தது. மூக்கைத் தூக்க வேண்டிய கணத்தில்தான் பூட்டு விழுந்திருக்கிறது என்று குரல் வருகிறது. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்போதும் உடனே நிறுத்தவில்லை; ஓட்டத்திலேயே பூட்டைக் கழற்றப் பார்த்திருக்கிறார்கள் என்று வாரியம் கருதுகிறது. வேகத்தைத் தடுக்க முனைந்தபோது பாதை போதவில்லை.

இதை விமானியின் பிழை என்று சொல்லலாம். வாரியமும் முதலில் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பூட்டு விழுந்திருக்கும்போது யாரும் புறப்பட முயலக் கூடாது என்பதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். பூட்டு இருந்தால் விசைநெம்பு ஆறு டிகிரிக்கு மேல் நகரக் கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. உண்மையில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நகர்ந்தது. அனுமதி தந்த அரசு அமைப்பு வரைபடங்களைப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறது. நெம்பைத் தள்ளிப் பார்த்தவர் இல்லை. அந்த விமானத்தை இயக்கியவர்கள் வெளித் தணிக்கையிலும் தேறியிருந்தார்கள். ஆகப் படிக்காதவர்கள் விமானிகள் மட்டுமல்ல. வரைபடத்தைப் படித்தவர் பொருளைப் படிக்கவில்லை. தணிக்கை செய்தவர் காகிதத்தைப் படித்தார், ஆட்களைப் படிக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருக்கிறார்கள். எங்கள் கிளையில் எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் நடந்தது அங்கே பெரிய அளவில் நடந்திருக்கிறது.

அந்த இரண்டு பேர் மட்டும் விதிவிலக்கு என்றும் நினைக்க வேண்டாம். வாரியத்தின் யோசனைப்படி, 2013 முதல் 2015 வரை நடந்த 1,43,756 தனியார் ஜெட் பயணங்களின் பதிவுகளை அந்தத் துறையினரின் சங்கமே ஆராய்ந்தது. ஏறத்தாழ 18 சதவீதப் பயணங்களில் அந்தச் சோதனை அரைகுறையாக நடந்திருந்தது, அல்லது நடக்கவே இல்லை. அவை எல்லாம் பத்திரமாகப் போய் இறங்கிய விமானங்கள்.

*

செக்லிஸ்ட் எப்படி வந்தது என்று தேடியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோ மாநிலத்து ரைட் ஃபீல்டில், அமெரிக்க ராணுவத்துக்காகப் போயிங் நிறுவனம் செய்த மாடல் 299 என்ற குண்டுவீச்சு விமானத்தைச் சோதனைக்குக் கிளப்பினார்கள். நான்கு என்ஜின், அதுவரை இல்லாத சிக்கலான யந்திரம். ஓட்டியவர் தேர்ந்த விமானி. விமானம் எழும்பியது, மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது, விழுந்தது. இருவர் இறந்தார்கள். காரணம், வால் பலகையின் பூட்டைத் திறக்கவில்லை. ஒரு மனிதரின் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு யந்திரம் வளர்ந்துவிட்டது என்று தோன்றியிருக்கிறது. ஞாபகத்தை நம்பாமல், செய்ய வேண்டியதை எழுதி வைத்துப் படிப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த விமானம்தான் பின்னால் பி-17 ஆயிற்று.

பூட்டைத் திறக்க மறந்ததிலிருந்து பிறந்தது பட்டியல். எழுபத்தொன்பதாவது வருஷம், அந்தப் பட்டியலைப் படிக்காததால் அதே மாதிரிப் பூட்டினால் இன்னொரு விமானம் விழுகிறது. நடுவில் பட்டியலுக்கு என்ன ஆயிற்று? யாரும் கிழித்துப் போடவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மனப்பாடமான பின் படிப்பது அனாவசியமாகப் பட்டிருக்கும், கொஞ்சம் அவமானமாகக்கூட. பதினெட்டாயிரம் மணி நேரம் பறந்தவர், பக்கத்தில் இருக்கும் பல வருஷத்துச் சிநேகிதரிடம், பூட்டு திறந்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர், ஆயிற்று என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி இருக்கும்.

எங்கள் தொழிலிலும் இது இருந்தது. பேரேட்டுக் காலத்தில் வேலை பார்த்த பழைய அக்கவுன்டன்ட் ஒருவர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஒருவர் வவுச்சரை உரக்கப் படிப்பாராம்; மற்றவர் பேரேட்டில் பார்த்து டிக் போடுவாராம். கிளை முழுக்க எண்கள் ஒலித்துக்கொண்டிருக்கும். தவறு அப்போதும் நடந்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். “ஆனா தப்பு காதுல விழும்ப்பா” என்றார். அதை நான் அப்போது பழைய ஆட்களின் ஏக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

*

யந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. யந்திரம் வந்த பிறகு ஆகாயப் பயணம் பாதுகாப்பாகத்தான் ஆகியிருக்கிறது. விமானிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்த, விமானம் தானே போய் இறங்கும் ஏற்பாடு 2020-இல் சிறு விமானம் ஒன்றில் அனுமதி பெற்றது. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விஷயம் வேறு. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய உளவியல் அறிஞர் 1983-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தானியக்கத்தின் முரண்நகைகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர் வாதம் எளிது. வடிவமைப்பவர் மனிதனை நம்பாமல் அவனை விலக்கிவிட்டு யந்திரத்தை வைக்கிறார். ஆனால் யந்திரத்தால் முடியாத வேலைகளை மட்டும் மனிதனுக்கே விட்டுவைக்கிறார். அதாவது மிகக் கடினமானவற்றை. மீதி நேரமெல்லாம் அவன் சும்மா உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மனிதனுக்கு மிக மோசமாக வருகிற காரியம் அதுதான். கையும் பழக்கம் விட்டுப்போகிறது. கடைசியில் ஏதாவது ஆகும்போது, பழக்கம் விட்டுப்போன அந்தக் கையிடம்தான் எல்லாம் வந்து சேர்கிறது. முரண்நகை என்ற வார்த்தையை நாங்கள் கல்லூரியில் கிரேக்க நாடகத்துக்குப் பயன்படுத்தினோம். இவர் சரியான இடத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

இதைப் படித்தபோது வேறொரு விமானம் நினைவிலிருந்து போக மறுத்தது. 1999 அக்டோபர் 25 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவிலிருந்து டல்லஸுக்குக் கிளம்பிய லியர்ஜெட். உள்ளே காற்றழுத்தம் போய் ஆறு பேரும் நினைவிழந்தார்கள். பெய்ன் ஸ்டீவர்ட் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் அதில் இருந்தார். விமானம் டல்லஸுக்குத் திரும்பாமல் வடமேற்கே போய்க்கொண்டே இருந்தது, ஏறத்தாழ நான்கு மணி நேரம். கூடவே பறந்துபோன போர் விமானிகள் பார்த்தது ஜன்னல்களில் படிந்திருந்த உறைபனியை மட்டும். எரிபொருள் தீர்ந்து தெற்கு டக்கோட்டாவின் வயல்வெளியில் விழுந்தது. அந்த நான்கு மணி நேரமும் தானியங்கி தன் வேலையில் பிசகவில்லை. உள்ளே பிரக்ஞை மட்டும் இல்லை.

*

சரி, இலக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன் இளம் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். வேலை முடிந்து வந்து, ஒரே இரவில். நன்றாக வந்திருப்பதாக எனக்கே பட்டது. வாக்கியங்கள் தடையில்லாமல் வந்தன. படிமம், இருண்மை, அந்நியமாதல், நவீன மனதின் சிதைவு, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. கவிஞரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். ‘நீங்கள் அந்நியமாதல் என்று குறிப்பிட்டுள்ள கவிதை என் தங்கை கல்யாணத்தைப் பற்றியது. அதில் பந்தியில் பாயசம் தீர்ந்துபோகிறது. வேறொன்றும் இல்லை’ என்று எழுதியிருந்தார். கடிதத்தை இரண்டு நண்பர்களிடம் காட்டிச் சிரித்தேன். கவிஞனின் உத்தேசம் விமர்சகனைக் கட்டுப்படுத்தாது என்று அவர்களிடம் விளக்கினேன். அது வாஸ்தவமான கோட்பாடுதான். ஆனால் அன்று அதை நான் பயன்படுத்தியது, கவிதையை எடுத்து இன்னொரு தடவை படிக்காமலிருப்பதற்காக.

மெமோவுக்குப் பிறகு அந்தத் தொகுப்பை எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கவிதையை வாய்விட்டுப் படித்தேன். பாயசம் தீர்ந்துபோகிறது, தங்கை மணவறையிலிருந்து தலையை உயர்த்தி அண்ணனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அதில் இருந்தது கடன். அந்த அண்ணன் கணக்குப் போட்டு, கடன் வாங்கி, கடைசி வரிசைக்குப் போதாமல் போன பாயசம். கணக்கு எழுதிப் பிழைக்கிற நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேன், படிக்கவில்லை. என் வார்த்தைகள் எனக்குப் பதிலாகப் படித்துவிட்டன. கவிதை காட்டிய எதிர்ப்பை, எங்கோ ஒரு வரி புரியாமல் கையில் தட்டுப்பட்டதை, நான் அவற்றிடம் ஒப்படைத்துவிட்டேன். அவை தள்ளிக்கொண்டு போயின.

நம் விமர்சனத்தில் இது பெருமளவு நடக்கிறது என்பது என் அபிப்ராயம். தமக்கென ஒரு வார்த்தைத் தொகுதி வைத்திருக்கும் விமர்சகர்கள் பல முகாம்களிலும் இருக்கிறார்கள். நாவலை இந்தப் பக்கம் போட்டால் கட்டுரை அந்தப் பக்கம் வருகிறது. திசை தப்புவதில்லை, உயரம் குறைவதில்லை. ஜன்னலில் உறைபனி. நான் இதில் சேர்த்தி இல்லை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

பரிகாரம் என்ன என்று கேட்டால், வாய்விட்டுப் படிப்பது என்று சொல்ல ஆசைதான். அதிலும் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. வாய் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கண் பூட்டைப் பார்க்காமலிருக்க முடியும். இப்போதெல்லாம் கவுண்டரில் கணக்கு எண்ணை மூன்று மூன்று இலக்கமாக உரக்கப் படித்து, எதிரில் நிற்பவரைத் தலையாட்டச் சொல்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார். போன வாரம் ஓர் எண்ணை அப்படி முழுக்கப் படித்து முடித்த பிறகு, என்ன படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஆசிரியர் மாதம் ஒரு தடவை பென்ஷன் எடுக்க வருகிறார். என்னைப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த கவுண்டரில் போய் நின்றுகொள்வார்.